சும்மா படுத்திருந்த உப்புத்தண்ணி

கிட்ட வாங்க கண்ணுங்களா, சாரல் அடிக்காத பக்கமா நகர்ந்து உட்காருங்க. ராஜா ராணி கதை இல்லை இன்றைக்கு. நெருப்பைப் போட்டுக் குளிர் எடுத்த ஒரு புருஷன் பெண்டாட்டி கதை சொல்லப்போகிறேன். நெருப்பில் எப்படிக் குளிர் வரும் என்று கேட்பீங்க. கேளுங்க, சொல்கிறேன். அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் மட்டும் தெரிந்துவைத்திருந்ததால்தான் அந்த வீடு ஒரு கார்த்திகை மாசத்தில் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்தது.

தொண்ணூற்றேழாம் வருஷம். கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டில் சகாதேவன் முதலாளிக்கு அரிசி மில் இருந்தது. அரைக்க அரைக்க உமி மலையாகக் குவியும். அதை வீணாக்குவானேன் என்று, மெட்ராஸில் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து பழைய குளிர் மிஷின் ஒன்றை வாங்கிவந்து, மில்லை ஒட்டியே பால் கூலிங் சென்டர் போட்டிருந்தார். சுற்றுப்பட்டுப் பால் எல்லாம் கேனில் அங்கே வரும். நானும் என் இரண்டு மாட்டுப் பாலை அங்கேதான் ஊற்றினேன். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் டேங்கர் லாரி வந்து குளிர்ந்த பாலை எடுத்துக்கொண்டு போகும். பன்னிரண்டு டிகிரிக்கு மேலே பால் இருந்தால் டேங்கர் ஓட்டுகிற கண்ணாயிரம் குழாயைக் கையில்கூட எடுக்கமாட்டான்.

மிஷின் சங்கதி என்னவென்றால், மழைக்காலத்தில் உங்க வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பார்த்திருப்பீங்க. காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துக் குடித்து உப்பு நசநசவென்று தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் இல்லையா? அந்த மிஷினும் அதே ஜாதிதான். காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்ட இரும்பு வயிறு. உள்ளே ஒரு பக்கம் நல்ல தண்ணீர், இன்னொரு பக்கம் தீராத தாகம் பிடித்த ஒரு தினுசு உப்புத்தண்ணீர். நல்ல தண்ணீர் ஆவியாகும், அந்த ஆவியை உப்புத்தண்ணீர் குடிக்கும். அது குடிக்கக் குடிக்க இதுவும் ஆவியாகிக்கொண்டே போகும். வியர்வை காயும்போது உடம்பு சில்லென்று ஆகுமே, அப்படி அந்தப் பக்கம் சில்லிட்டுப்போகும். அந்தச் சில்லிப்பில்தான் பால் குளிர்வது. குடித்து வயிறு ரொம்பிய உப்புத்தண்ணீரைச் சூடு காட்டி ஈரத்தைப் பிரித்துவிட்டால், அதற்கு மறுபடியும் தாகம். அந்தச் சூட்டுக்குத்தான் உமி நெருப்பு.

மிஷினைப் பார்த்துக்கொண்டவன் தசரதன். உமி போட்டு நீராவி கொடுத்தவள் அவன் பெண்டாட்டி கன்னியம்மாள். இரண்டு பேருக்கும் வீடு அடி அண்ணாமலையில், மலை சுற்றுகிற பாதை ஓரமாகவே. காலையில் அவன் சைக்கிள் மிதிக்க, அவள் பின்னால் கேரியரில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வருவாள். மடியில் களியும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் இருக்கிற தூக்கு.

பாய்லரை முன்னே பார்த்துக்கொண்டிருந்தவன் பெங்களூருக்குப் போய்விட்டான். நாலு நாளைக்கு என்று கை கொடுக்க வந்தவள், நாலு வருஷமாக அங்கேயே நின்றுவிட்டாள். உமியை மொத்தமாகக் கொட்டினால் அடைத்துக்கொண்டு புகையும், கம்மியாகப் போட்டால் கும்மென்று எரிந்து அணைந்துபோகும். கையளவு தெரிந்து தூவ வேண்டும். அவளுக்கு அது தெரிந்திருந்தது.

கண்ணாயிரம் முதல் நாள் பார்த்துவிட்டு, "இன்னா முதலாளி, பொம்பள கையில பாய்லரக் குடுத்துட்டீங்க?" என்றானாம்.

"உங்க வூட்ல அடுப்ப யாருய்யா பத்த வெக்கிறது? நீயா?" என்று உமிப்புகைக்குள் இருந்து இவள் கேட்டதும், லாரியைத் திருப்பிக்கொண்டு போனவன், அதற்குப் பிறகு அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டான்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தீபத் திருவிழா கிட்ட வந்தது. ஊரில் எல்லா வீட்டிலும் வெள்ளையடிப்பு, பாத்திரம் துலக்கல். தசரதனுக்கும் கை சும்மா இருக்கவில்லை. வருஷா வருஷம் மெட்ராஸிலிருந்து புகழேந்தி என்கிற ஃபிட்டர் வந்து, மிஷினில் இருக்கிற உப்புத்தண்ணீரைப் பீப்பாயில் இறக்கி, வடிகட்டி, திருப்பி ஏற்றிவிட்டுப் போவார். அந்த வருஷம் அவர் வரவில்லை. மூன்று தரம் கூடவே நின்று பார்த்தவன்தானே, நாமே செய்வோம் என்று இறங்கிவிட்டான் தசரதன்.

பீப்பாயில் இறக்கி ஒரு ராத்திரி தெளியவிட்டு, விடிந்ததும் திறந்து பார்த்தால், மேலே மெல்லிசாக எண்ணெய் மாதிரி ஒன்று மிதக்கிறது. வாடையோ வாடை. மூட்டைப்பூச்சியை நசுக்கின மாதிரி.

"தூ! இன்னாயா இது?" என்று மூக்கைப் பொத்தினாள் கன்னியம்மாள்.

"பம்பு எண்ணெ ஒழுகியிருக்குமே. வருஷா வருஷம் இருக்கும். அந்த ஃபிட்டர் சார் நல்ல மனுஷன்தான், ஆனா சோம்பேறி. இத அப்படியே உள்ள வுட்டுட்டுப் போயிடுவாரு."

"அவரு படிச்சவராச்சே, தெரியாமயா வுடுவாரு?"

"உனக்கு இன்னாமே தெரியும்? குட்டையில கொசு வராம இருக்க எண்ணெ ஊத்துறாங்கல்ல? மூடி போட்ட மாதிரி படுத்துக்கும். தண்ணி மேல எண்ணெ கெடந்தா ஆவி எப்படி உள்ள போவும்? எடுத்துட்டா இன்னும் நல்லாக் குடிக்கும்."

யோசித்துப் பாருங்க, நியாயமான பேச்சுதானே. கரண்டியால் வழித்து, அவளுடைய பழைய நூல் சேலையைக் கிழித்து ஒற்றி ஒற்றி எடுத்து, பின்பக்கக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினான். உப்புத்தண்ணீர் பளிங்காக இருந்தது. ஏற்றி, காற்றை உறிஞ்சி எடுத்து, மிஷினை ஓட்டிவிட்டு, பக்கத்தில் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாக டார்ச் அடித்து உள்ளே பார்த்தான்.

"வந்து பாருமே, எவ்ளோ தெளிவு!"

அவள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "தெளிவாத்தான் இருக்குது. ஆனா முன்ன எல்லாம் மேல நடுங்கிகினே இருக்கும், மாட்டு மேல ஈ உக்காந்தா தோல் சிலிர்க்குமே அந்த மாதிரி. இப்ப சும்மா படுத்துகினு கெடக்குதே?"

"அழுக்கு போச்சில்ல, அதான் அடங்கிக் கெடக்குது" என்று சிரித்தான். அவளும் உமிக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே ஆரம்பித்தது ரோதனை. பாலைக் குளிர்விக்க மிஷினிலிருந்து எப்போதும் ஏழு டிகிரிக்கு வருகிற தண்ணீர் பதினொன்றுக்குக் கீழே இறங்கவில்லை. பால் பன்னிரண்டில் வந்து நின்றது. கண்ணாயிரம் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போனான். மறுநாள் பதின்மூன்று. எடுக்கவில்லை. முதலாளி டவுனில் இருக்கிற மிட்டாய்க் கடைகளுக்குப் பால்கோவா கிண்டக் கொடுத்துச் சமாளித்தார். எத்தனை நாளைக்குச் சமாளிக்க முடியும்?

"இன்னாமே, சூடு பத்தலயா?" தசரதன் பாய்லர் பக்கம் ஓடி வருவான்.

"மீட்டர் முள்ளு கோட்டுலதான் நிக்குது. வந்து பாத்துக்க."

"அப்பறம் ஏன் தண்ணி எறங்கமாட்டேங்குது?"

"அத உன் மிஷினாண்ட போய்க் கேளு."

"இன்னும் ரெண்டு கூடை தூவு. கோட்டத் தாண்டட்டும்."

"தாண்டமாட்டேன். சூடு ஜாஸ்தியானா உப்பு உள்ளயே உறைஞ்சி கட்டியாயிடும், குழாயெல்லாம் அடைச்சிக்கும்னு ஃபிட்டர் சார் அன்னிக்கே சொல்லிட்டுப் போனாரு. நீ சொல்றன்னு நான் மிஷினக் கொல்லமாட்டேன்."

மூன்றாம் நாள் முதலாளியே வந்து நின்றார். நல்ல மனுஷர், ஆனால் அன்றைக்கு முகம் கறுத்திருந்தது. பால் ஊற்றுகிறவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் உமிக் குவியல் பக்கம் கேனோடு நின்றுகொண்டிருந்தோம்.

"தசரதா, நேராச் சொல்லு. மிஷின்ல கோளாறா, நெருப்புல கோளாறா?"

தசரதன் தலையைச் சொறிந்தான். தன் கையால் துலக்கிய மிஷின். அதில் குற்றம் இருக்கும் என்று அவன் மனசு கொஞ்சங்கூட நினைக்கவில்லை.

"மிஷினு கண்ணாடி மாதிரி இருக்குதுங்க. சூடுதான் கம்மியா இருக்கும்போல."

கன்னியம்மாள் பின்னால்தான் நின்றிருந்தாள், தலையில் கூடையோடு. அதை இறக்கவே இல்லை.

முதலாளி அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "சரி. தீபம் முடியட்டும். மில்லு ஆளு ஒருத்தன பாய்லருக்குப் போடறேன். கன்னியம்மா களத்துல நெல்லு காயவைக்கட்டும்."

களத்து வேலை கேவலம் இல்லை. நானே செய்திருக்கிறேன். ஆனால் தெரியாத்தனத்துக்காக இறக்கிவிட்டார்கள் என்று பேர் வந்துவிட்டால் அதை எங்கே போய்க் கழுவுவது? அதுவும் சொன்னது யாரோவா? அன்றைக்குச் சாயங்காலம் சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனபோது பார்த்தேன். அவள் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் சட்டையைப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் சோறு நேரத்துக்கு வந்தது, வெந்நீர் வந்தது, துவைத்த துணி வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. ஏழு வயசு மகள் தென்றல்தான் நடுவில் தபால்காரி.

"அப்பா, அம்மா களி எடுத்துக்கச் சொல்லுது."

"உங்கம்மாவ சாப்புட்டாச்சான்னு கேளு."

"அத அப்பறம் பாத்துக்கறேன்னு சொல்லுதுப்பா."

தீபத்துக்கு முந்தின நாள், பொழுது சாய்கிற நேரம். மழை விட்டிருந்தது. மலை சுற்றுகிற ஜனம் அப்போதே பாதையில் வர ஆரம்பித்துவிட்டது. வாசலில் கற்பூரம் விற்க, தென்றல் பெரிய வில்லையை உடைத்துச் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்துக்கொண்டிருந்தாள். கன்னியம்மாள் புது அகல்களை அகலத் தவலையில் ஊறப்போட்டிருந்தாள், எண்ணெயைக் குடித்துவிடாமல் இருக்கட்டும் என்று. வேலையிலிருந்து வந்த தலையை அவள் உதறி முடிந்ததில், உமிச்சாம்பல் தண்ணீர் மேலே மெல்லிசாகப் படிந்து கிடந்தது.

தென்றல் கையிலிருந்து கற்பூரத் துணுக்கு ஒன்று தெறித்து அதில் விழுந்தது.

"அப்பா, இங்க பாருப்பா! கப்பலு ஓடுது!"

தசரதன் எட்டிப் பார்த்தான். துணுக்கு கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டு ஓடியது. அது போகிற பக்கமெல்லாம் சாம்பல் பிளந்துகொண்டு விலகியது. ஒரு நிமிஷம் சும்மா இல்லை. தண்ணீரின் மேல்தோலே யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி அங்கே சிலிர்த்தது, இங்கே சிலிர்த்தது. இன்னொரு துணுக்கை அவனே போட்டான். அதுவும் ஓடியது.

மேலே மிதக்கிறது எல்லாம் மூடி மாதிரி படுத்துக்கொள்ளும் என்று நினைத்தவன் அவன். இதோ மிதக்கிற ஒன்று, மூக்கைத் துளைக்கிற வாடையோடு, தண்ணீரைப் படுக்கவிடாமல் அடிக்கிறது.

அப்படியே தவலை ஓரமாகக் குந்திவிட்டான். "கன்னிம்மா," என்றான். நாலு நாளைக்குப் பிறகு நேராகக் கூப்பிட்டது அதுதான். "அன்னிக்கு கண்ணாடில பாத்துட்டு நீ இன்னா சொன்ன?"

"எத்தினியோ சொன்னேன்."

"தண்ணியப் பத்தி."

"முன்ன நடுங்கும், இப்ப சும்மா படுத்துகினு கெடக்குதுன்னு சொன்னேன்."

"அந்த நாத்தம் புடிச்ச எண்ணெதான்மே அத நடுங்க வெச்சிருக்குது. நடுங்கினாத்தான் குடிக்கும்போல. நான் அழுக்குன்னு வழிச்சிக் கொட்டிட்டேன்." அவள் பக்கம் திரும்பினான். "உன் நெருப்புல ஒரு கோளாறும் இல்ல."

அவள் அகல் ஒன்றை எடுத்து, நீர் வடியத் தட்டி, கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தாள்.

"வாய் இருக்கிற பொண்டாட்டி சொன்னப்ப காதுல ஏறல. வாயில்லாத கற்பூரம் சொன்னதும் ஏறிடுச்சா உனக்கு?"

தென்றல்தான் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இப்ப நான் யாருகிட்ட இன்னா சொல்லணும்?" என்று கேட்டது. கன்னியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காலையில் எஸ்டிடி பூத் திறக்கிறதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் போய் நின்றார்கள். மெட்ராஸில் புகழேந்தி எடுத்தார். தசரதன் நடந்ததைச் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் கத்தியது, பக்கத்தில் நின்றவளுக்கே கேட்டது.

"வழிச்சிக் கொட்டிட்டியா? அட மகராசா! அது அழுக்கு இல்லப்பா, மருந்து. நான்தான் ஊத்தினேன். உப்புத்தண்ணியோட மேல்தோல் கொஞ்சம் குடிச்சதும் ரொம்பிப்போயி அப்படியே படுத்துக்கும். அடியில இருக்கிறது தாகத்தோட கிடக்கும், அதுக்கு மேல வர வழி கிடையாது. இந்த மருந்து மேல்தோல ஒரு எடத்துல இறுக்கும், ஒரு எடத்துல தளர்த்தும். தளர்ந்த எடத்துலேருந்து இறுகின எடத்துக்கு இழுத்துகினே இருக்கும். அந்த இழுப்புல அடியில இருக்கிறது மேல வந்து வாயத் திறக்கும். குடிச்சது கீழ போவும். பொட்டு மருந்து, ஆனா குடிக்கிறது எவ்ளோ ஜாஸ்தியாவும் தெரியுமா?"

"இப்ப அதுக்கு எங்க சார் போறது?"

"எங்கயும் போவாத. மிஷின் மாட்டினப்பவே ஒரு வெள்ளைக் கேன் குடுத்துட்டு வந்தேனே. சரி, பாய்லர்ல சூட ஏத்திகீத்தி வுட்டியா?"

"நான் ஏத்தச் சொன்னேன் சார். அவதான் கோட்டத் தாண்டமாட்டேன்னுட்டா."

"அந்தம்மா கால்ல வுழுந்து கும்பிடு. ஏத்தியிருந்தா உப்பு கட்டியாயி இந்நேரம் மிஷின பழைய இரும்புக்குப் போட்டிருக்கணும்."

கூலிங் சென்டரில் முதலாளி இருந்தார், கண்ணாயிரம் இருந்தான், நாங்களும் இருந்தோம். தசரதன் நேராக உமிக் குவியல் பக்கம் போய், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றான்.

"முதலாளி, அன்னிக்கு சூடு கம்மின்னு சொன்னேன். அது பொய்யாப் போச்சுங்க. தப்பு என் கையில. மிஷினத் துலக்கறேன்னு மருந்த எடுத்துக் கொட்டிட்டேன். அவ நெருப்பு ஒரு நாளும் கோட்டுக்குக் கீழ எறங்கல. மேலயும் ஏத்தல, அதனாலதான் மிஷினே தப்பிச்சிது. களத்துக்கு ஆள் வேணும்னா நான் போறேங்க."

முதலாளி, "களத்துக்குப் போறதெல்லாம் இருக்கட்டும். அந்த மருந்து எங்க?" என்றார்.

ஸ்டோர் ரூமைக் கவிழ்த்தார்கள். வெள்ளைக் கேன் என்று ஒன்று இல்லவே இல்லை. தசரதன் வியர்த்துப்போய் வெளியே வந்தான். கன்னியம்மாள் மிஷின் ரூம் மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே அண்ணாமலையார் படம் வைத்திருந்தார்கள். தினம் பூ, வெள்ளிக்கிழமை கற்பூரம்.

"யோவ்," என்றாள் மெதுவாக. "சாமி எது மேல நிக்குது?"

எல்லாரும் பார்த்தோம். மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் அப்பி அப்பி, எந்த நிறம் என்றே தெரியாத சதுரமான ஒன்று. மேடை மாதிரி இருக்கிறதே என்று தசரதன்தான் முதல் வருஷம் அதன் மேல் படத்தை வைத்தது. நாலு ஆயுத பூஜைக்கு நாலு கோட்டிங்கு சந்தனம். எழுத்தெல்லாம் உள்ளே புதைந்துபோயிற்று.

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, "மன்னிச்சிரு அப்பனே" என்று படத்தைத் தூக்கினார். ஈரத்துணியால் துடைத்தால் உள்ளே வெள்ளை. மூடியைத் திறந்ததும் கண்ணாயிரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். "நாலு வருஷமா இந்த மூட்டைப்பூச்சிக்கா கற்பூரம் காட்டினீங்க!"

"காட்டினதுக்குத்தான்டா இன்னிக்கு மூஞ்சி குடுத்துது" என்றார் முதலாளி.

புகழேந்தி போனில் சொன்ன அளவை தசரதன் ஒரு பாட்டிலில் எடுத்தான். ரப்பர் குழாய் நிறைய அந்த மருந்தையே ரொப்பி, ஒரு முனையை வால்வில் மாட்டி, மறு முனையைப் பாட்டிலில் முக்கினான். உள்ளே காற்று போய்விடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வால்வைத் திறந்தான். மிஷினே உறிஞ்சிக்கொண்டது. பாட்டிலில் அரை விரல் மிச்சம் இருக்கும்போதே மூடினான். டார்ச்சைக் கன்னியம்மாளிடம் கொடுத்தான்.

"நீ பாத்துச் சொல்லு."

அவள் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். நாங்கள் எல்லாம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"படுத்துகினுதான் இருக்குது." கொஞ்ச நேரம். "இன்னும் படுத்துகினுதான் இருக்குது." அதற்குப் பிறகு அவள் தோள் ஆடியது. "நடுங்குதுயா. ஓரத்துலேருந்து வருது. ஐயோ, முழுசா சிலிர்த்துகினு வருதுயா!"

டார்ச்சை அவன் கையில் திணித்துவிட்டு, பாய்லருக்கு ஓடினாள்.

மத்தியானம் தண்ணீர் பத்துக்கு வந்தது. சாயங்காலப் பால் வருகிற நேரத்துக்கு எட்டு. அப்புறம் ஏழு. பால் பத்தில் நின்றது. கண்ணாயிரம் குழாயை மாட்டிக்கொண்டே, "அக்கா, பால எடுத்துக்கறேன். ஆனா அந்தக் கேன என் கிட்ட கொண்டாராதீங்க" என்றான்.

ஆறு மணி ஆயிற்று. அங்கிருந்து பார்த்தாலே மலை முழுசாகத் தெரியும். வேலையை விட்டுவிட்டு எல்லாரும் ரோட்டுக்கு வந்து கைகூப்பி நின்றோம். உச்சியில் ஒரு பொட்டு நெருப்பு துளிர்த்து எழுந்தது. ஊரெல்லாம் அரோகரா என்று முழங்கியது. கன்னியம்மாள் மட்டும் வரவில்லை. உமி நெருப்பை விட்டுவிட்டு வந்தால் முள் இறங்கிவிடும் அல்லவா? பாய்லர் வாசலிலேயே நின்று, கையில் கூடையோடு, மலையைப் பார்த்து ஒரு தரம் தலையைத் தாழ்த்தினாள். தசரதன் அவள் பக்கத்தில் போய், உமிக் கூடையை நிரப்பி நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"முள்ளு எங்க நிக்குது, பாத்துச் சொல்லு" என்றாள்.

"கோட்டுல நிக்குது."

"இந்த அரோகரா சத்தத்துல கேக்கலயே. சத்தமாச் சொல்லு."

"கோட்டுலதான் நிக்குது!" என்று அவன் கத்தினான். ரோட்டில் நின்ற எங்களுக்கெல்லாம் கேட்டது. முதலாளி கைகூப்பியபடியே திரும்பிப் பார்த்தார். அவள் உமியைத் தூவினாள், கையளவு பார்த்து.

அன்றைக்குச் சைக்கிள் எங்களைத் தாண்டிப் போகும்போது நான் பார்க்கத்தான் பார்த்தேன். எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று கேட்கிறீங்களா? ஒரு கையில் தூக்கு. இன்னொரு கையில் தென்றலுக்குப் பொரியும் வெல்லமும். இரண்டு கையும் நிறைந்துபோனதால் தலையை அவன் முதுகில் சாய்த்துக்கொண்டு போனாள்.

எழுந்திரிங்க கண்ணுங்களா, சாரல் நின்றுவிட்டது. உங்க வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உங்க வீட்டுப் பால் திரியாமல் இருக்கட்டும். உங்க வீட்டில் மெதுவாகப் பேசுகிற ஒருத்தர் இருப்பாங்க, அவங்க சொல்வது மற்றவங்க காதில் முதல் தரமே ஏறட்டும். பிள்ளைகுட்டிகளோடு நல்லா இருங்க.